கணவாய்க் காற்றும் கார்ப்பரேட்டரும்

ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைச்சுவர் வழிவிடும் ஒரே இடம் பாலக்காட்டுக் கணவாய். பரந்து வரும் தென்மேற்குக் காற்று அந்த இடுக்கில் நுழையும்போது வேகமெடுக்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். பழைய பைக்கில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்குள்ளும் இதே மாதிரி ஒரு சின்னக் கணவாய் இருக்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. கார்ப்பரேட்டரின் ஒடுங்கிய தொண்டையில் அந்தக் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். 1738-ல் டேனியல் பெர்னூலி எழுதிவைத்த விதி இது. தொண்டைக்குக் கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் உட்கார்ந்திருக்கிறது. இந்த வித்தியாசமே பெட்ரோலை ஜெட் எனும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு வழியாக மேலேற்றித் துளித்துளியாகச் சிதறடிக்கிறது. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. எத்தனை முறை கழற்றிப் பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான். கிண்ணத்தில் மட்டம் மாறாமல் காப்பது ஃப்ளோட். வீட்டு மேல்தொட்டியில் மிதவை செய்கிற அதே வேலை.

ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது என்ன நடக்கிறது? தொண்டை கிட்டத்தட்ட மூடியிருக்கும், காற்றோட்டம் போதாது, மெயின் ஜெட்டில் பெட்ரோல் ஏறாது. அதற்காகவே ஸ்லோ ஜெட் என்று தனிப்பாதை வைத்திருக்கிறார்கள். அதன் துளை பெரும்பாலான சின்ன வண்டிகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான்.

என் பைக் மூன்று மாதம் தோப்புச் சாளையில் கிடந்தது. எடுத்தபோது சோக் (பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசை) போட்டால் ஓடியது, சோக்கை எடுத்தால் அணைந்தது. இரண்டு நாள் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். "மொதல்ல ஜெட்டக் கழட்டிப் பாத்திருக்கோணுமுங்க. ஸ்க்ரூவுல கை வெக்கறது கடசிலதானுங்க" என்றார். கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படிந்து ஸ்லோ ஜெட்டை அடைத்திருந்தது. கிளீனர் தெளித்து ஊற வைத்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதினார். இரும்புக் கம்பியை உள்ளே விடவில்லை. பித்தளைத் துளை கொஞ்சம் பெருத்தாலும் அளவு கெட்டுப்போகும்.

சுத்தம் செய்த பிறகே டியூனிங். ஸ்க்ரூ இருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் நேர்மாறு, வெளியே திருகினால்தான் கூடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ஜின் சூடானதும் ஸ்க்ரூவை மெல்ல முட்டும்வரை உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கினால் நுனி தேய்ந்துவிடும். அங்கிருந்து முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் ஐட்லிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையத்தில் இப்படி அருமையாக டியூன் செய்த வண்டி ஊட்டியில் திணறும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொண்டையில் போகும் காற்றின் எடை 20 சதவீதம் குறைந்தால், மெயின் ஜெட்டில் ஏறும் பெட்ரோல் 10 சதவீத அளவுக்குத்தான் குறைகிறது. மிச்சப் பெட்ரோல் முழுதாக எரியாமல் புகையாகிறது, பிளக்கில் கரி படிகிறது, ஏற்றத்தில் இழுவை போகிறது. மலையிலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு அளவு சின்ன மெயின் ஜெட் மாட்டலாம். ஆனால் அதே ஜெட்டோடு சமவெளிக்கு இறங்கி வேகமாக ஓட்டினால் பெட்ரோல் போதாமல் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும், பிஸ்டனே சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் மலையைவிட்டு இறங்கியதும் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும்.