எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்

வகுப்புக்கு 5 நிமிடம் தாமதமாகப் போன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். கதவிலிருந்து நம் இடத்துக்குப் பத்தடிதான், ஆனால் 15 வயதில் அந்தப் பத்தடி முடியவே முடியாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாது, நடை திடீரென்று வேறு யாருடையதோ போல ஆகிவிடும், காது சூடாகும், பின்வரிசையில் யாராவது சிரித்துவிட்டால் போச்சு, அது நம்மைப் பார்த்துத்தான். அதே பத்தடியை 40 வயதில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நடக்கிறோம், ஒன்றும் தோன்றுவதில்லை. அதனாலேயே பெரியவர்களுக்கு இது மறந்துபோகிறது. "இந்த வயசுல எல்லாமே பெரிய விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்த வயதில் அது உண்மையிலேயே பெரிய விஷயம், ஏன் என்பதற்கு அறிவியலில் இப்போது ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது.

1967ல் டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். அவர் சொன்னது இதுதான். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று சின்னக் குழந்தை நீளமாக யோசித்துக்கொண்டிருக்காது. பதின்ம வயதில் அந்தத் திறமை பலமாக வளர்கிறது. 'அவள் என்ன நினைக்கிறாள்', 'நான் இப்படி நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ' என்று அடுக்கடுக்காக ஓட்டிப் பார்க்க முடிகிறது. அதே நேரத்தில்தான் குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, போன வருடச் சட்டை சேராமல் போகிறது, ஆகவே நினைப்பெல்லாம் தன் உடம்பையும் தன்னையும் சுற்றியே இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒரு குழப்பம் நடக்கிறது. நான் நாள் முழுக்க என் பருவைப் பற்றியே யோசிக்கிறேன், அப்படியானால் மற்றவர்களும் அதைத்தானே யோசித்துக்கொண்டிருப்பார்கள்!

பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் எல்கைண்டோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. இது வெறும் கற்பனை மட்டும் இல்லை, அந்த வயதில் சக வயதினர் உண்மையாகவே ஒருவரை ஒருவர் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேலிக்கும் ஒதுக்கலுக்கும் நிஜமான விலை உண்டு என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. பார்க்கிறார்கள் என்பது பொய் இல்லை. எவ்வளவு பார்க்கிறார்கள் என்ற கணக்கில்தான் தப்பு வருகிறது.

அந்தக் கணக்கை ஒரு சட்டையை வைத்து அளந்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் 2000ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு மாணவரைக் கூப்பிட்டு, போட்டுக்கொண்டு வெளியே போகவே சங்கடப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட டீ-ஷர்ட்டைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே கூப்பிட்டு, உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் உன் சட்டையில் இருப்பது யார் என்று சொல்வார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்பது அவர்களுடைய கணிப்பு. உள்ளே இருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தால் கால்வாசிப் பேருக்குத்தான் தெரிந்திருந்தது. கூச்சம் தராத பிரபலங்களின் படத்தைப் போட்டுக்கொண்டு போனபோதும் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றே நினைத்தார்கள், ஆனால் கவனித்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள், பதின்ம வயதைக் கடந்துகொண்டிருப்பவர்கள்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? லியா சோமர்வில் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு 2013ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 8 வயதிலிருந்து 22 வயது வரை உள்ளவர்களை எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்கவைத்தார்கள். செய்வதற்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. உள்ளே ஒரு கேமரா இருக்கிறது, அது ஓடும்போது உன் வயதுள்ள ஒருவர் உன் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான் என்று சொன்னார்கள். நிஜத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் கேமரா ஓடுகிறது என்று திரையில் வந்ததுமே பதின்ம வயதினருக்குக் கூச்சம் ஏறியது, தோலில் வியர்வை கூடியது, நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் இருக்கும் முன்மூளைப் புறணி சிறுவர்களுக்கு இருந்ததைவிட அதிகமாக வேலை செய்தது. 'நான்' என்பதைப் பற்றி யோசிக்கும்போதும், அடுத்தவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யோசிக்கும்போதும் முன்னுக்கு வருகிற பகுதி அது. யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பார்க்கிறார்கள் என்ற தகவல் மட்டுமே போதுமானதாக இருந்தது.

மூளை ஏன் இந்த வயதில் பார்த்து இப்படி மாற வேண்டும்? குழந்தைக்கு உலகம் என்பது வீடு. அம்மா அப்பாவின் பாசத்தை அது நாள்தோறும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியதில்லை. பருவமடையும் வயதில் அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்து, இரத்த உறவு இல்லாத சக வயதினர் கூட்டத்தில் ஓர் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது, துணை தேட வேண்டியிருக்கிறது. கூட்டத்தை விட்டு விலக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மனித இனம் மிக நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறது. ஹார்மோன்கள் உடம்பை மாற்றும்போதே மூளையின் உணர்ச்சிப் பகுதிகளையும் கூர்மையாக்குகின்றன, அவற்றை நிதானப்படுத்துகிற முன்மூளையோ 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. முகத்தைப் படிப்பது, குரலில் உள்ள சின்ன மாற்றத்தைப் பிடிப்பது, யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பது எல்லாவற்றுக்கும் பயிற்சிக் காலம் இதுதான். அதிகமாக உணர்வது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி, குணத்தில் உள்ள கோளாறு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு 'நான் யார்' என்ற கேள்வியும் பின்னிக்கிடக்கிறது. நம்மைப் பற்றிய எண்ணமே அடுத்தவர் என்ற கண்ணாடியில் தெரியும் உருவத்திலிருந்துதான் உருவாகிறது என்று சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902லேயே எழுதினார். 2009ல் ஜெனிஃபர் ஃபைஃபர் குழுவினர் பதின்ம வயதினரிடம் தங்களைப் பற்றிக் கேட்டபடியே ஸ்கேன் செய்தார்கள். 'நீ புத்திசாலியா', 'உன்னோடு பழகுவது எளிதா' என்ற மாதிரியான கேள்விகள். பெரியவர்களோடு ஒப்பிடும்போது இவர்களுக்கு அடுத்தவர் கோணத்தை யோசிக்க உதவும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அதாவது 'நான் எப்படிப்பட்டவன்' என்று கேட்டால், 'நான் எப்படிப்பட்டவன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்' என்பதையும் சேர்த்தே மூளை தேடுகிறது. அப்படித் தேடிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு நண்பரின் அலட்சியமான வார்த்தை, வெறும் கருத்தாக வந்து போவதில்லை. விடையின் ஒரு பகுதியாகவே போய் உட்கார்ந்துவிடுகிறது. இப்படித் தேடலின் நடுவில் இருப்பவர்களிடம், ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களைவிடப் பதற்றம் அதிகமாக இருப்பதை அடையாளம் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஒதுக்கப்படுவதை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்தவர் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர். ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது எறிந்து விளையாடும் ஒரு ஃபிரிஸ்பீ தட்டு உருண்டு வந்து அவர்மேல் பட்டது. எடுத்து எறிந்தார், விளையாடிக்கொண்டிருந்த இருவர் அதை அவருக்கே திருப்பி எறிந்தார்கள், கொஞ்ச நேரம் மூவரும் விளையாடினார்கள். அப்புறம் திடீரென்று அவர்கள் இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர், ஒன்றுக்கும் உதவாத ஒரு விளையாட்டு, ஆனாலும் தனக்கு எவ்வளவு வலித்தது என்று அவருக்கே ஆச்சரியம். அதைக் கணினியில் மூன்று பேர் பந்து எறியும் விளையாட்டாக ஆக்கினார். மற்ற இருவரும் கணினியே ஓட்டும் பொம்மைகள், சில முறை பந்து கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். கணினிதான் எதிரே இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால்கூட விளையாடுபவர் மனம் நோகிறது. இதே விளையாட்டை வைத்து 2010ல் வெளிவந்த ஆய்வில், வளர்ந்த பெண்களைவிடப் பதின்ம வயதுப் பெண்களின் மனநிலை அதிகமாகச் சரிந்தது. குழுவிலிருந்து தன்னை நீக்கிவிட்டார்கள் என்று ஒரு பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், அந்த வலிக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

கைபேசி இங்கே என்ன செய்கிறது என்றால், பார்வையாளர்களுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. முன்பெல்லாம் யார் பார்த்தார்கள், யாருக்குப் பிடித்தது என்று ஊகிக்க வேண்டும். இப்போது படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. 2016ல் லாரன் ஷெர்மன் குழு 32 பதின்ம வயதினரை ஸ்கேனரில் படுக்கவைத்து இன்ஸ்டாகிராம் போன்ற திரையைக் காட்டியது. லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இட்டார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது வெகுமதியை உணரும் மூளைப்பகுதி தூண்டப்பட்டது, அடுத்தவர் படத்துக்கும் ஏற்கெனவே நிறைய லைக் இருந்தால்தான் இவர்களும் அதிகமாக லைக் போட்டார்கள். கைபேசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஏற்கெனவே கூர்மையாகியிருக்கும் ஒரு புலனுக்கு, அணைக்கவே முடியாத ஒரு கேமராவைக் கொடுத்திருக்கிறோம் என்பது மட்டும் தெளிவு.

பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கூச்சம் வயதோடு தணிந்துவிடும். சிலருக்குத் தணியாமல் இறுகிப்போய்ச் சமூகப் பதற்றம் என்ற நோயாகிறது. அமெரிக்காவில் 2005ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், அது வந்தவர்களில் பாதிப் பேருக்கு 13 வயதுக்குள் ஆரம்பித்திருந்தது. எப்படி இறுகுகிறது என்பதை 1995ல் டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் விளக்கினார்கள், இதை எல்லாப் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்குள் போனதும் கவனம் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே திரும்புகிறது. நெஞ்சு படபடக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று தன்னையே சோதித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே எவ்வளவு நடுங்குகிறதோ அவ்வளவும் வெளியே தெரிகிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, அதனால் அவர் சாதாரணமாகத்தான் இருக்கிறார் என்பதும் தெரியாமலே போகும். நடுக்கத்தை மறைக்கக் கோப்பையை இறுக்கிப் பிடிப்பார்கள், இறுக்கினால் கை இன்னும் நடுங்கும். உளறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பார்கள், அந்தத் தாமதத்தில் பேச்சு கைவிட்டுப்போகும், எதிரே இருப்பவருக்கு இவர் நம்மோடு பேசவே விரும்பவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். பிறகு இரவில் படுத்துக்கொண்டு அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், ஒவ்வொரு ஓட்டத்திலும் அது இன்னும் கேவலமாகத் தெரியும். மறுநாள் போகாமல் இருந்துவிட்டால் நிம்மதி, ஆனால் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டு வேளையில் தனியாக ஒளிந்துகொள்வது, பாடத்தில் சந்தேகம் இருந்தும் வாயைத் திறக்காதது எல்லாம் 6 மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையையே குறுக்கிக்கொண்டிருந்தால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சாகத் தோன்றுகிறது என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். எண்ணங்களையும் பழகிப்போன நடத்தையையும் பேசியும் பழகியும் மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. அதில் ஒரு கட்டத்தில் அவர்கள் பேசுவதை வீடியோ எடுத்து, எப்படி இருந்திருக்கும் என்று முதலில் அவர்களையே விவரிக்கச் சொல்கிறார்கள். முகம் தக்காளி மாதிரி சிவந்திருக்கும், குரல் உடைந்திருக்கும் என்பார்கள். அப்புறம் முன்பின் தெரியாத யாரோ ஒருவரைப் பார்ப்பது போல அந்த வீடியோவைப் பார்க்கச் சொல்வார்கள். திரையில் இருப்பவர், கொஞ்சம் மெதுவாகப் பேசும் ஒரு சாதாரண ஆளாக இருப்பார்.

வீட்டில் நாம் சொல்லும் 'பயப்படாதே, யாரும் உன்னைப் பார்க்கவில்லை' என்பது ஏன் எடுபடுவதில்லை என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003ல் மாணவர்களை கேமரா முன்னால் பேசவைத்தார்கள். சிலரிடம் எதுவும் சொல்லவில்லை. சிலரிடம் பதற்றம் இயல்புதான், கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு மட்டும், உள்ளே இருக்கும் பதற்றம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை, ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். மூன்றாவது குழுவினர் தங்கள் பேச்சு நன்றாக வந்ததாக உணர்ந்தார்கள், கேட்டவர்களும் அவர்களுக்கே அதிக மதிப்பெண் போட்டார்கள். வெறும் ஆறுதல் கேட்ட குழுவிடம் அந்த முன்னேற்றம் இல்லை.