‘இங்’ போட்டுத் தொடங்கினீர்களே, ஆள் யார்?

சிங்கப்பூரில், ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா பக்கம் ஒரு சின்ன அறையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் ஜூரோங்கிலும் துவாஸிலும் வேலை பார்க்கும் சூப்பர்வைசர்கள், சேஃப்டி ஆட்கள். வார நாள்களில் சாயங்காலம் தொடக்கநிலை ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன். நாற்பது வயதுக்காரரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே இடத்தில், ‘இங்’ வினையில் தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில், வழுக்குகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒருவர் கைபேசியை நீட்டினார். “மேடம், ரிப்போர்ட் எழுதியிருக்கேன், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க.” தளத்தில் கிரேன் தூக்கிய சுமை நழுவி ஒருவருக்குக் கால் விரலில் அடி, எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்திருக்கிறார்கள். 2020 செப்டம்பரிலிருந்து வேலையிடக் காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்சி கிடைத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும் அல்லவா, அதற்கு முன்னால் கம்பெனிக்குள் எழுதும் அறிக்கை அது. அதில் ஒரு வரி (ஷேக்கிள் என்பது சுமையைக் கொக்கியோடு பிணைக்கும் இரும்பு வளையம்):

‘நாட் செக்கிங் தி ஷேக்கிள் பிகாஸ் தி லாரி கேம் லேட், தி கிரேன் ஆபரேட்டர் லிஃப்டட் தி லோட்.’

“ஷேக்கிளச் செக் பண்ணாதது யாரு தம்பி?” என்று கேட்டேன். “ரிக்கர்தான் மேடம். லாரி லேட்டா வந்துச்சா, அவசரத்துல விட்டுட்டார்.” “நீங்க எழுதினதுல கிரேன் ஆபரேட்டர்தானே செக் பண்ணல?” அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் ரிக்கர் என்ற சொல்லே அதில் இல்லை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

அவர் கவனக்குறைவாக எழுதவில்லை, தமிழில் யோசித்து எழுதினார், அவ்வளவுதான். ‘லாரி லேட்டா வந்ததால ரிக்கர் ஷேக்கிளைச் செக் பண்ணாமலே ஆபரேட்டர் தூக்கிட்டார்’ என்று நாம் சொன்னால் ஒரே மூச்சில் மூன்று வினை, மூன்றுக்கும் தனித்தனி ஆள், யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் ‘நாட் செக்கிங்’ என்று தொடங்கும் அந்தத் துண்டுக்கு, அதாவது பார்ட்டிசிபிள் கிளாஸுக்கு, பொதுவாகச் சொந்தமாக எழுவாய் கிடையாது. கமா தாண்டி வரும் முதன்மை வாக்கியத்தின் எழுவாய் எதுவோ அதைத்தான் அது கடன் வாங்கும். ரிக்கரை வைக்க இடமில்லாததால் நம்மவர் அவரை விட்டுவிட்டார், காலியாக இருந்த இடத்தில் ஆபரேட்டர் போய் உட்கார்ந்துகொண்டார். பழியும் கூடவே போனது.

தமிழிலும் இதற்கு விதி இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். ‘செய்து’ மாதிரியான எச்சங்கள் தன் வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ‘வந்து உட்கார்ந்தான்’ என்றால் வந்தவனும் அவன்தான், உட்கார்ந்தவனும் அவன்தான். ஆனால் வழக்கு அதோடு நிற்கவில்லை. நன்னூல் உரையில் ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்று ஓர் உதாரணம் வரும். பட்டது ஞாயிறு, வந்தது அவன். ‘பட’ என்று இருக்க வேண்டியது ‘பட்டு’ என்று வந்திருக்கிறது, சொல் மாறினாலும் பொருள் மாறவில்லை என்று இலக்கணக்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று நாமும் யோசிக்காமல்தான் சொல்கிறோம். இதையே ‘ரெய்னிங் ஹெவிலி, தி பாண்ட் ஃபில்ட் அப்’ என்று ஆங்கிலத்தில் போட்டால் குளமே மழையாகப் பெய்ததாக ஆகிவிடும்.

இந்த அளவு பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்து ஆட்களை அதிகம் கவிழ்ப்பது இதற்கு அடுத்த படி, பார்ட்டிசிபிளுக்குப் பின்னாலேயே பிகாஸ், வென், ஆஸ் என்று ஒரு துணை வாக்கியம் வந்து ஒட்டிக்கொள்ளும்போது. துணை வாக்கியம் கையோடு தன் எழுவாயைக் கொண்டுவருகிறது. மேலே உள்ள வரியில் அது லாரி. நமக்கோ எழுவாய் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது, வினையும் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் ஆபத்து. லாரி, துணை வாக்கியத்துக்கு மட்டும்தான் எழுவாய், பார்ட்டிசிபிளுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. அதன் ஆள் இன்னும் கமாவுக்கு அந்தப் பக்கம்தான் காத்திருக்கிறார், நடுவில் துணை வாக்கியம் நீள நீள நாம் அவரை மறந்துபோகிறோம்.

வகுப்பில் நான் செய்யச் சொல்வது ரொம்ப எளிது. அந்தத் துணை வாக்கியத்தை, ‘பிகாஸ்’ முதல் கமா வரை, விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ‘நாட் செக்கிங் தி ஷேக்கிள், தி கிரேன் ஆபரேட்டர் லிஃப்டட் தி லோட்.’ இப்போது ‘யாரு?’ என்று கேளுங்கள். அந்தத் தம்பி கைபேசித் திரையில் கட்டை விரலை வைத்ததும் சிரித்துவிட்டார்.

அப்புறம் திருத்தினோம். முதலில் அவர் ரிக்கரை உள்ளே கொண்டுவந்தார்: ‘நாட் செக்கிங் தி ஷேக்கிள், தி ரிக்கர் ஹூக்ட் தி லோட் பிகாஸ் தி லாரி கேம் லேட்.’ ஆள் சரியாகிவிட்டது, ஆனால் ‘பிகாஸ்’ இடம் மாறிவிட்டது. இப்போது லாரி தாமதமானதால் சுமையைக் கொக்கியில் மாட்டினார் என்று ஆகிறது, சோதிக்காமல் விட்டதற்கான காரணம் காணாமல் போய்விட்டது. துணை வாக்கியம் எந்த வினைக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அந்த வினைக்குத்தான் காரணம் சொல்லும். கடைசியில் பார்ட்டிசிபிளையே தூக்கி எறிந்துவிட்டு, ‘பிகாஸ் தி லாரி கேம் லேட், தி ரிக்கர் டிட் நாட் செக் தி ஷேக்கிள்’ என்று முற்றுப்புள்ளி வைத்து, ஆபரேட்டருக்குத் தனி வாக்கியம் எழுதினோம். அழகில்லைதான். விபத்து அறிக்கையில் அழகு எதற்கு? ‘இங்’ போட்டுத் தொடங்கினால்தான் நல்ல ஆங்கிலம் என்று யாரோ நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

டியூஷன் பிள்ளைகளுக்கு இது வேறு வேஷத்தில் வருகிறது. தொடக்கநிலை ஆறு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் ஆங்கில இரண்டாம் தாளில் இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கும் சிந்தசிஸ் பகுதிக்கு 10 மதிப்பெண். ‘ஹேவிங்’ போடு, வினையின் மூன்றாம் வடிவம் போடு, கமா போடு என்று சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இரண்டு வாக்கியத்திலும் ஆள் ஒருவரேதானா என்று பார்ப்பதில்லை. அங்கேயாவது வாக்கியம் கையில் இருக்கிறது. கட்டுரையில் சொந்தமாக எழுதும்போதுதான் கூத்து. ஒரு பையன் எழுதினான்: ‘ரன்னிங் டு தி பஸ் ஸ்டாப் வென் தி ரெயின் ஸ்டார்ட்டட், மை ஷூஸ் பிகேம் வெட்.’ “யாரு ஓடினது, ஷூவா?” என்றேன். “டீச்சர், ஷூவும்தானே என்கூட ஓடுச்சு?” என்றான். பதில் சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

விதிவிலக்குகளும் உண்டு. ‘கன்சிடரிங்’, ‘ஜட்ஜிங் ஃப்ரம்’ போன்றவை ஆளே இல்லாமல் நின்றாலும் யாரும் குறை சொல்வதில்லை, அவை கிட்டத்தட்ட இடைச்சொல் ஆகிவிட்டன. ‘வெதர் பர்மிட்டிங்’ என்று வேலை அட்டவணையில் பார்த்திருப்பீர்கள், அதற்குள்ளேயே ‘வெதர்’ என்று எழுவாய் இருக்கிறது, கடன் வாங்கத் தேவையில்லை. ‘வைல்’, ‘ஆஃப்டர்’ சேர்த்து ‘வைல் கிளைம்பிங்’, ‘ஆஃப்டர் செக்கிங்’ என்று எழுதினால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அங்கேயும் அதே கதைதான்.

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்து வந்திருந்தார். வாரம் முழுக்க விரலை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார் போல. குழாய் ஒன்று மேலிருந்து விழுந்து, நல்லவேளையாக யார் மேலும் படாமல் போன ஒரு சம்பவம், அதற்கு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டது: ‘நாட் வேரிங் எ ஹெல்மெட் வென் தி பைப் ஃபெல், ஐ ஷௌட்டட் அட் தி ஒர்க்கர்.’

“பாத்தீங்களா மேடம்,” என்றார், “இதுல ஹெல்மெட் போடாதது நான்தான்.”