ரிசென்ட்மென்ட்: கறுவா, கசப்பா, காழ்ப்பா?

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமும் புளிக்காலமும் தருமபுரிப் பக்கம் ஒன்றாகத்தான் வரும். ஒரு தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் தியானம் கொடுக்க வந்த சாமியார், "நம்மைக் கெடுப்பது கோபம்கூட இல்லை, ரிசென்ட்மென்ட்" என்றார். அப்புறம் அதற்குத் தமிழ் தேடினார். வெறுப்பு என்றார், பொறாமை என்றார், எதுவும் பொருந்தாமல் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் இதைச் சொன்னேன். சுத்தியலை நிறுத்தாமலே, "மனசுல வச்சுக்கிட்டுக் கறுவுறது. அதுக்கு இங்கிலீசு எதுக்கு?" என்றார்.

ரிசென்ட்மென்ட் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 'சாந்திர்' என்றால் உணர்வது. முன்னால் 'ரெ' சேர்ந்தால் மறுபடியும் உணர்வது, அழுத்தமாக உணர்வது. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் நன்றியுணர்வைக்கூட இந்தச் சொல்லால் சொன்னார்கள். பட்ட காயத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது என்ற பொருள்தான் கடைசியில் நிலைத்தது.

அத்தை சொன்ன சொல்லுக்கு வேர் 'கறு'. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறது தொல்காப்பிய உரியியல். அங்கே இரண்டுமே கோபம்தான். ஆனால் பேச்சில் முகம் சிவப்பது அப்போதைக்கு, கறுவுவது நாள்கணக்கில்.

இந்த வேறுபாடுதான் கிறித்தவ அறச்சிந்தனையில் முக்கியமான இடம். பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்று விவிலியத்தில் எபேசியருக்கு எழுதிய திருமுகம் சொல்கிறது. சினமே கூடாது என்று சொல்லவில்லை, கெடு வைக்கிறது. அதே அதிகாரத்தில் விலக்க வேண்டியவற்றின் வரிசையில் முதலில் நிற்பது மனக்கசப்பு. கிரேக்க மூலத்தில் 'பிக்ரியா', கசப்பு என்றே பொருள். சினத்தை நெடுநாள் உள்ளே வைத்திருப்பவர்களை அரிஸ்டாட்டில் கசப்பானவர்கள் என்றார். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அதை எடுத்துக்கொண்டார். அக்குவினாஸ் கணக்கில், பகுத்தறிவு சொல்லும் அளவில் வரும் சினம் குற்றமில்லை. அநியாயத்தைக் கண்டு வர வேண்டிய சினம் வராவிட்டால் அதுதான் குறை.

1726-ல் அச்சான, ஆங்கிலிக்கன் குரு ஜோசப் பட்லரின் பிரசங்கங்கள் இன்னும் ஒரு படி போகின்றன. திடீர்க் கோபத்துக்கு யோசிக்க நேரமில்லை. நின்று நிலைக்கும் ரிசென்ட்மென்ட், தீங்கு அநீதி என்று அறிவு தீர்மானித்த பிறகு வருவது. ஆகவே அது நீதிக்குக் காவல் என்கிறார். எல்லை மீறிப் பழிவாங்கப் போனால்தான் கேடு. விசுவாசம் வந்து நிற்கும் இடம் அது: பழிதீர்க்கும் கணக்கைக் கடவுளிடம் விட்டுவிடச் சொல்கிறது உரோமையர் திருமுகம். காயம் பட்டதை மறுக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் "மன்னிச்சிடு" என்றால் நடந்ததே நடக்கவில்லை என்று வைத்துக்கொள் என்றுதான் அர்த்தம், அது வேறு.

1887-ல் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே போட்ட குண்டு வேறு ரகம். திருப்பி அடிக்க முடியாதவர்கள் தங்கள் இயலாமைக்கே பொறுமை, மன்னிப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள், கிறித்தவ அறம் அங்கே முளைத்தது என்றார். ஜெர்மனில் எழுதினாலும் 'ரெசாந்திமான்' என்று பிரெஞ்சுச் சொல்லையே வைத்தார். அவருக்கும் தாய்மொழியில் சொல் அகப்படவில்லை போலிருக்கிறது! இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி மாக்ஸ் ஷேலர் 1912-ல் பதில் சொன்னார்: ரெசாந்திமான் என்ற நஞ்சு உண்டு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கிறித்தவ அன்பு பலவீனத்தில் பிறப்பதல்ல, நிறைவிலிருந்து குனிந்து கொடுப்பது.

நீட்சே சொல்லும் பொருளுக்கு என் தேர்வு காழ்ப்பு. காழ் என்றால் மரத்தின் வைரம். "அகக்காழனவே மரமென மொழிப", அதாவது உள்ளே வைரம் பாய்ந்தவையே மரம் என்பதும் தொல்காப்பியம்தான். வயசான புளியமரத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிப்பக்கம் வெளுத்திருக்கும், நடுவே கருஞ்சிவப்பாய் இறுகியிருக்கும், ஆணி இறங்காது. செய்தித்தாளில் 'அரசியல் காழ்ப்புணர்ச்சி' என்று தேய்த்துவிட்டார்கள், அது ஒன்றுதான் சங்கடம்.

பிரசங்கத்துக்கு மனக்கசப்பு போதும். பட்லரை மொழிபெயர்த்தால் கறுவு என்று போடுவேன். மனத்தாங்கல் வேண்டாம், அது பத்திரிகை வைக்காத கல்யாணத்தோடு முடிந்துவிடும். வன்மம் என்றால் ஆள் ஏற்கெனவே திட்டம் போட்டாயிற்று.