கொலுசுப் பட்டறையும் ஒரு சுகர் மாத்திரையும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், 58 வயது. போன மாதம் வந்தபோது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு எகிறியிருந்தது. கொழுப்பு மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டாராம். "நீங்க குடுக்கற சுகர் மாத்திரையே அடைப்பை எடுத்துருமாமுங்க டாக்டர், அப்புறம் எதுக்குங்க ரெண்டு?" என்று வாட்ஸாப்பைத் திறந்து நீட்டினார்.

சிரித்துத் தள்ள முடியவில்லை. அந்தச் செய்தியில் பாதி உண்மை.

அவர் எடுப்பது பயோகிளிட்டசோன். அவர் பட்டறையை வைத்தே விளக்கினேன். அரம் போடும்போது உதிரும் வெள்ளித்தூளைக் கூட்டி அள்ளுகிறார்கள் அல்லவா? ரத்தக் குழாய்ச் சுவரில் கெட்ட கொழுப்பை அப்படி அள்ளி விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல். அள்ளியதை வெளியே அனுப்பவும் வேண்டும். அந்த வேலைக்குச் செல்லின் சவ்வில் ஏபிசிஏ1 என்றொரு புரதம் இருக்கிறது. கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி, எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு உருவாக வழி செய்வது அதுதான். எச்டிஎல் அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும். அனுப்புவது மந்தமானால் செல் கொழுப்பால் உப்பி, நுரைச் செல்லாகி அங்கேயே தங்கிவிடும். அடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. (ஏபிசிஏ1 பிறவியிலேயே பழுதானவர்களுக்கு டான்ஜியர் நோய் வரும். எச்டிஎல் அநேகமாக இருக்காது, டான்சில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். காரணமான மரபணு 1999-இல்தான் பிடிபட்டது.)

பயோகிளிட்டசோன் வகை மருந்துகள் செல்லின் உட்கருவில் பிபிஏஆர் காமா என்ற சுவிட்சைப் போடுகின்றன. அதனால் மேக்ரோஃபேஜில் ஏபிசிஏ1 கூடுகிறது என்று 2001-இல் ஆய்வுக்கூடங்களில் கண்டார்கள். வாட்ஸாப் செய்தி இதோடு நின்றுவிட்டது. அதே சுவிட்ச், கொழுப்பை உள்ளே இழுக்கும் சிடி36 என்ற புரதத்தையும் கூட்டும். அது 1998-லேயே தெரியும். வாசல் இரண்டையும் திறக்கும் மருந்தில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

சரி, மனிதர்களிடம்? பக்கவாதம் வந்த, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 3,876 பேரிடம் நடந்த ஐரிஸ் ஆய்வு 2016-இல் வெளியானது. மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தோரில் 11.8 சதவீதம், பயோகிளிட்டசோன் எடுத்தோரில் 9 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் எடையும் கால் வீக்கமும் எலும்பு முறிவும் கூடின. எல்டிஎல்லை இது குறைப்பதில்லை, அதற்கு அவர் நிறுத்திய கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின்தான். இதயம் பலவீனமானவர்களுக்கு இதைக் கொடுக்கவே மாட்டோம். நம் நாட்டில் 2013 ஜூனில் இதன் விற்பனையை நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள்.

ஸ்டாட்டினை மறுபடி போட ஒத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த தடம். விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. "நாள் பூரா உக்காந்தே வேலைங்க, அதுல வீங்குதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

எக்கோவில் இதயம் நன்றாகவே இருந்தது. பயோகிளிட்டசோனை 30 மில்லிகிராமிலிருந்து 15 ஆக்கினேன். கால் வீங்கினாலோ, சில நாளில் எடை ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லி, அதைச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.