மீடியம் ஃபார்மட் விலை இறங்கிவிட்டது என்று கடன் வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். நல்ல போட்டோகிராஃபர், கல்யாணமும் போர்ட்ரெய்ட்டும் எடுக்கிறவர். "அண்ணா, 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் பாடி ஒன்று செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வருகிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் எல்லோரும் இதற்குத்தான் மாறப் போகிறார்கள். கடன் வாங்கியாவது இப்பவே எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். மீடியம் ஃபார்மட் என்றால் வழக்கமான கேமராக்களைவிடப் பெரிய சென்சார் (படத்தைப் பதிக்கும் சில்லு) உள்ள கேமரா, பாடி என்றால் லென்ஸ் இல்லாத அதன் உடல். இதே கேள்வியை இந்த ஒரு வருஷத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் கடனைப் பற்றியும் சேர்த்தே பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. ஓவியங்களையும் பழைய ஆவணங்களையும் படியெடுப்பது, பொருட்களை விளம்பரத்துக்குப் படமெடுப்பது, இரண்டும்தான் என் தொழில், மீடியம் ஃபார்மட்டில் தினமும் கை வைக்கிறவன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் மீடியம் ஃபார்மட் என்றால் 120 என்கிற அகலமான ஃபிலிம் ரோல், அதில் மிகச் சிறிய சட்டமே ஏறத்தாழ 56க்கு 42 மி.மீ. இன்று "கைக்கெட்டும் விலை" என்று விற்கப்படும் டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் 44க்கு 33 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவான ஃபுல் ஃபிரேம் 36க்கு 24. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 1,452 சதுர மி.மீ., 864 சதுர மி.மீ. ஒன்றே முக்கால் மடங்குகூட வரவில்லை. அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறும்போது பரப்பு இரண்டேகால் மடங்குக்கு மேல் கூடுகிறது. அந்த மாற்றத்தில் கிடைத்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய தாவலாக இது இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். ஃபிலிம் சட்டத்துக்கு நெருங்கி வரும் 54க்கு 40 மி.மீ. சென்சாரும் இருக்கிறது, ஃபேஸ் ஒன் போன்ற கம்பெனிகளிடம், ஆனால் அது பல பத்தாயிரம் டாலர் விவகாரம், இந்தக் கட்டுரைக்குள் வராது.

விலை இறங்கியது உண்மைதான், அதை மறுக்கவில்லை. 2010இல் பென்டாக்ஸ் 645டி வந்தபோது 40 மெகாபிக்சல் பாடி பத்தாயிரம் டாலருக்குள் கிடைக்கிறது என்பதே செய்தியாக இருந்தது. அதற்கு முன் டிஜிட்டல் பேக் (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டி) வாங்குவதென்றால் ஒரு காரின் விலை. 2014இல் சோனி செய்த 50 மெகாபிக்சல் சிமாஸ் சென்சார் வந்தது, அதே சென்சாரைப் பல கம்பெனிகள் வாங்கிப் போட்டன, பென்டாக்ஸின் 645இசட் 8,500 டாலருக்கு வந்தது. 2016இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) முதல் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா, கிட்டத்தட்ட 9,000. அடுத்த வருஷம் ஃபியூஜிஃபிலிமின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், 6,500. 2018இல் 50ஆர், 4,500. 2021இல் 50எஸ் இரண்டாம் பதிப்பு, 4,000 டாலருக்கு ஒரு டாலர் குறைவு.

இந்த வரிசையைப் பார்க்கிற யாருக்கும் அடுத்தது 3,000, அப்புறம் 2,000 என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குப் பின் வந்தவற்றைக் கவனியுங்கள். அறிமுக விலையில் 2024இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் இரண்டாம் பதிப்பு 5,000 டாலர், 2025இல் லென்ஸோடு வந்த ஜிஎஃப்எக்ஸ் 100ஆர்எஃப் 4,900, அதற்குப் பின் வந்த ஹாசல்பிளாட் பாடி எதுவும் 7,000க்குக் கீழே இல்லை. அதாவது 2021இல் தொட்ட அடிமட்டத்தை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. 100 மெகாபிக்சல், பாடிக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் வசதி, வேகமான ஃபோகஸ் என்று அதே காசுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்களே தவிர காசைக் குறைக்கவில்லை. இனியும் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

காரணம் சிலிக்கானில் இருக்கிறது. சென்சார்கள் 300 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டில் செய்யப்படுகின்றன. வட்டத்தில் சதுரம் வெட்டினால் ஓரமெல்லாம் வீண். நான் போட்ட தோராயக் கணக்கில் ஒரு தகட்டில் ஃபுல் ஃபிரேம் அறுபதுக்குப் பக்கம் தேறும், 44க்கு 33 என்றால் முப்பது சொச்சம்தான். தகட்டில் எங்காவது ஒரு பழுது விழுந்தால் பெரிய சென்சாரில் ஒன்று முழுசாகப் போகிறது. அப்புறம், சிப்பின் கோடுகளை ஒளியால் பதிக்கும் இயந்திரம் ஒரே வீச்சில் பதிக்கக்கூடிய பரப்பு 26க்கு 33 மி.மீ., அதைவிடப் பெரிய சென்சாரைத் துண்டு துண்டாகப் பதித்து ஒட்ட வேண்டியிருக்கிறது. போன் கேமரா போலக் கோடிக்கணக்கில் விற்றால் இந்தச் செலவெல்லாம் கரைந்துவிடும். ஆனால் மொத்த டிஜிட்டல் கேமரா சந்தையே 2010இல் வருஷத்துக்கு 12 கோடி கேமராவுக்கு மேல் இருந்தது 2023இல் 1 கோடிக்கும் கீழே வந்துவிட்டது, அந்த மிச்சத்திலும் மீடியம் ஃபார்மட் ஒரு சின்ன மூலை. விற்பனை கூடினால் விலை குறையும், விலை குறைந்தால்தான் விற்பனை கூடும் என்கிற முடிச்சு இங்கே தானாக அவிழாது.

இன்னொரு பக்கம் ஃபுல் ஃபிரேம் நெருக்குகிறது. 2019இல் சோனி 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கொண்டுவந்தது. அதன் ஒவ்வொரு பிக்சலும் 3.76 மைக்ரான். 100 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸிலும் ஹாசல்பிளாடிலும் உள்ள பிக்சலும் 3.76 மைக்ரான்தான். ஒரே துணி, ஒன்றில் அகலம் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஒரே எக்ஸ்போஷரில் பெரிய சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி முக்கால் ஸ்டாப் அதிகம் (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்), அது நிஜமான லாபம், நிழல் பகுதியைத் தூக்கும்போது தெரியும். ஆனால் "மீடியம் ஃபார்மட் பின்னணி மங்கல்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நம்பி வாங்காதீர்கள். 110 மி.மீ. எஃப்2 லென்ஸ் இந்தச் சென்சாரில் தருவது, ஃபுல் ஃபிரேமில் 87 மி.மீ. எஃப்1.6 தருவதைத்தான் (எஃப் எண் குறையக் குறைய மங்கல் கூடும்). ஃபுல் ஃபிரேமில் 85 எஃப்1.4ம் எஃப்1.2ம் கடையில் இருக்கின்றன, அங்கே மங்கல் இன்னும் அதிகம்.

அப்படியானால் நான் ஏன் வைத்திருக்கிறேன்? ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் ஓவியர் தன் எண்ணெய் வண்ண ஓவியத்தைப் படியெடுத்துத் தரச் சொன்னார். அதே விளக்கு, அதே டிரைபாட் உயரம், 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒன்று, 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட்டில் ஒன்று எடுத்து, இரண்டையும் 24 அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டுப் பின்னால் பென்சிலில் குறித்துவிட்டு அவர் முன்னால் வைத்தேன். மூக்கு உரசும் அளவு குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு "தெரியவில்லையே" என்றார். பிறகு 40 அங்குலத்தில் போட்டோம். வலது மூலையில், நீல வண்ணத்தின் தடித்த ஒரு இழுப்பில், தூரிகையிலிருந்து உதிர்ந்து வண்ணத்தோடே காய்ந்துபோன ஒரு ஒற்றை முடி இருக்கிறது. ஒரு பிரிண்டில் அது ஒரு கோடு. இன்னொன்றில் அது முடி, வளைவும், அதன் மேல் படிந்த மெல்லிய வண்ணமும், பக்கத்தில் விழுந்த நிழலும் தெரிந்தன. "இதுதான், இது வேண்டும்" என்று விரலை வைத்தார். அந்த வேலைக்கு இந்தக் கேமரா தன் விலையைச் சம்பாதித்துவிட்டது. ஆனால் 24 அங்குலத்தில் ஓவியரின் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம், போன் திரையில் பார்க்கும் கல்யாண ஆல்பத்தில் யாருக்குத் தெரியும்?

கணக்காகவும் பார்க்கலாம். 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற பிரிண்டில், 24 மெகாபிக்சல் கேமராவே 20 அங்குலம் தரும். 61 மெகாபிக்சல் 31 அங்குலத்தைத் தாண்டும். 100 மெகாபிக்சல் 38 அங்குலத்துக்கு மேல். 4கே திரைக்கு வேண்டியது வெறும் 8 மெகாபிக்சல்.

பாடியின் விலையைத் தாண்டி யாரும் பேசாத செலவுகள் இருக்கின்றன. 100 மெகாபிக்சல், 16 பிட், சுருக்காத ரா ஃபைல் (சென்சார் பதித்த மூலத் தரவு) ஒன்று 200 எம்பிக்கு மேல். ஒரு நாளில் 400 படம் எடுத்தால் 80 ஜிபி, அதற்கு இரண்டு பிரதி வைத்தால் மொத்தம் 240 ஜிபி, போட்டோஷாப்பில் பத்து லேயர் போட்டுச் சேமித்தவை தனி. இருக்கிற கம்ப்யூட்டர் திணறும், அதையும் மாற்றுவீர்கள். லென்ஸ்கள் குறைவு, பெரியவை, கனமானவை, வேறு கம்பெனி தயாரிப்பில் மலிவாகத் தேடலாம் என்றால் ஃபுல் ஃபிரேமில் இருக்கும் வசதியில் கால்வாசிகூட இங்கே இல்லை. ஃப்ளாஷ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: லென்ஸ் மாற்றக்கூடிய ஜிஎஃப்எக்ஸ் பாடிகளில் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/125 நொடிதான், வெயிலில் போர்ட்ரெய்ட் எடுக்கிறவருக்கு அது பெரிய கட்டுப்பாடு. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசை லென்ஸ்களுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை, 1/2000 வரைகூடப் போகலாம், ஆனால் அதற்கு ஒவ்வொரு லென்ஸிலும் காசு கொடுக்கிறீர்கள். 50 மெகாபிக்சல் மாடல்களில் எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழ் வாசிக்க ஏறத்தாழ கால் நொடி எடுக்கும், எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக விழும், நடக்கிற ஆள் சாய்ந்து தெரிவார்.

அந்த 50 மெகாபிக்சல் சென்சாரில் நான் பட்ட பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். நெருக்கமாக நெய்த பட்டு, அதன் கேட்லாக் வேலை. இந்தச் சென்சார் மேல் மங்கலாக்கும் ஃபில்டர் கிடையாது, லென்ஸோ மிகக் கூர்மை. நெசவின் இழை இடைவெளி பிக்சல் இடைவெளியோடு மோதி, மெரூன் நிறப் புடவையில் பச்சையும் ஊதாவும் அலை அலையாக ஓடியது. எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நூறு சதவீதத்தில் திறந்தபோது வயிறு கலங்கிவிட்டது. முப்பத்திரண்டு புடவை, ஒவ்வொன்றிலும் மடிப்பு மடிப்பாகக் கையால் நிறம் திருத்தினேன், நான்கு இரவு. இப்போது துணி வேலை என்றால் லேப்டாப்பில் வயர் போட்டு, ஒவ்வொரு துணிக்கும் முதல் படத்தை நூறு சதவீதத்தில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன், அலை தெரிந்தால் கேமராவை அரை அடி முன்னே பின்னே நகர்த்துகிறேன், அல்லது லென்ஸ் துவாரத்தை எஃப்16 வரை மூடுகிறேன்.

செகண்ட் ஹேண்ட் பக்கம் வருவோம், ஏனென்றால் "மலிவு மீடியம் ஃபார்மட்" என்பது நடைமுறையில் இங்கேதான் நடக்கிறது. புது மாடல் வரவர 50 மெகாபிக்சல் பாடிகள் சந்தையில் சேர்கின்றன, ஸ்டுடியோவில் இருந்தவை அதிகம் அடிபடாமலும் இருக்கும். நல்ல வாய்ப்புதான். ஆனால் இந்தத் துறையில் கைவிடப்பட்ட குழந்தைகள் அதிகம். காண்டாக்ஸ் 645ஐ அதைச் செய்த கியோசெரா கம்பெனி 2005இல் கேமராத் தொழிலையே விட்டபோது விட்டுவிட்டது. மாமியா ஜெட்டி வந்த சுவடு தெரியாமல் போனது. 2014இன் 645இசட்டுக்குப் பின் பென்டாக்ஸ் அந்த வரிசையில் புது பாடி கொண்டுவரவில்லை. எனக்கே ஒரு பழைய டிஜிட்டல் பேக் இருந்தது, ஆசைப்பட்டு வாங்கியது, படம் தேன் மாதிரி இருக்கும். அதன் பேட்டரி செத்தபோது புதிதாகக் கிடைக்கவில்லை, அது பேசும் ஃபயர்வயர் போர்ட் இப்போதைய எந்த லேப்டாப்பிலும் இல்லை, பழுதுபார்க்கக் கேட்டால் உதிரிபாகம் நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. எனவே பாடியைக் கையில் எடுத்துப் பார்க்கும் முன், அதற்குப் பேட்டரி, ஃபர்ம்வேர் (கேமராவின் உள்மென்பொருள்), சர்வீஸ் மூன்றும் இன்றைக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்புறம் எஃப்16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துச் சென்சாரில் கறை பாருங்கள். லென்ஸ் மூடி போட்டு ஒரு நிமிஷ எக்ஸ்போஷர் எடுத்து, செத்த பிக்சல் வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள், தனிப் புள்ளி பரவாயில்லை, முழு வரிசை என்றால் வேண்டாம்.

சந்தை எங்கே போகும் என்று கேட்டால், சாகாது, பெருகவும் பெருகாது என்றே நினைக்கிறேன். அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நகை, பெரிய பிரிண்ட் விற்கும் இயற்கைக் காட்சிக்காரர்கள், இவர்களுக்கு இது கருவி. ஹாசல்பிளாடின் பெரும்பங்கு 2017இலிருந்து ட்ரோன் செய்யும் டிஜேஐ கையில் இருக்கிறது. சோனி சென்சார் செய்கிறவரை ஃபியூஜிஃபிலிமுக்கும் சிக்கல் இல்லை. லென்ஸ் மாற்ற முடியாத 100ஆர்எஃப் மாதிரி கேமராக்கள் இன்னும் வரும், ஏனென்றால் விலையைக் குறைக்க மிச்சமிருக்கும் வழி அதுதான்: ஒரே லென்ஸ், சின்ன உடல், நடுக்கம் தாங்கும் வசதிகூட இல்லை. ஆசைக்கு வாங்கும் வசதியுள்ளவர்கள் அதை வாங்குவார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

அந்தத் தம்பியிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் செய்யச் சொன்னேன். போன வருஷம் முடித்த வேலைகளின் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, 30 அங்குலத்துக்கு மேல் பிரிண்ட் போனது எத்தனை, ஃபைல் போதவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பியது எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். பெரிய பிரிண்ட் மூன்று, திருப்பி வந்தது ஒன்றுமில்லை. அந்த மாதிரி வேலை வரும் நாளுக்கு மட்டும் பாடியும் ஒரு லென்ஸும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், வாடகையை வாடிக்கையாளர் பில்லிலேயே சேர்த்துவிடுகிறேன் என்றார். முதல் தடவை எடுக்கும்போது என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன்.