நம்பர் மாறாமல் கம்பெனி மாறுவது எப்படி: எல்லையோர ஊர்களுக்கு போர்ட் விதிகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் வீடு, அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பு இப்படித்தான் அமைந்திருக்கிறது. ரேஷன் கார்டு பாலக்காடு மாவட்டம், தேங்காய் வியாபாரம் பொள்ளாச்சி, பிள்ளைகள் படிப்பது கோயம்புத்தூர். போனும் அப்படியே. திண்ணையில் உட்கார்ந்தால் கேரள டவர், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். ரோமிங்குக்குத் தனியாகக் காசு பிடித்த காலத்தில் இங்கே பலரும் இரண்டு சிம் வைத்திருந்தது அதனால்தான்.

ரோமிங் கவலை இன்று ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. ரேஞ்ச் கவலை தீரவில்லை. என் ரீசார்ஜ் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "கண்ணு, வீட்டுக்குள்ள டவரே எடுக்க மாட்டேங்குது. கம்பெனிய மாத்தலாம்னா நம்பர் போயிருமே? அதுவும் இது பொள்ளாச்சியில வாங்குன சிம். இங்க மாத்தித் தருவாங்களா?"

நம்பர் போகாது. பொள்ளாச்சி சிம்மையும் இங்கே மாற்றலாம். இது யாரும் தயவு பண்ணித் தருவதல்ல, உங்கள் உரிமை. நம்பரை அப்படியே வைத்துக் கம்பெனியை மட்டும் மாற்றும் இதைத்தான் போர்ட் என்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதி இது. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. ஆனால் அப்போது ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்ளே (சர்க்கிள்) மட்டும்தான் மாற முடியும். தமிழ்நாட்டு நம்பரைக் கேரளாவுக்குக் கொண்டுபோக வழியில்லை. 2015 ஜூலை 3 முதல்தான் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கும் அதே நம்பரோடு போகலாம் என்றானது. எல்லையில் இருக்கிற நமக்கு 2011-ஐ விட இந்த 2015-தான் பெரிய மாற்றம்.

வட்டம் என்று சொல்வது தொலைத்தொடர்புக்காகப் பிரித்த எல்லை. பெரும்பாலும் மாநில எல்லையோடு ஒத்துப்போகும், எல்லா இடத்திலும் அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில் வரும், மாஹே கேரள வட்டத்தில் வரும். ஆந்திரமும் தெலங்கானாவும் தனித்தனி மாநிலமான பிறகும் ஒரே வட்டமாகவே இருக்கின்றன. ஆகவே நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழர்கள் சென்னை நம்பரை அங்கே மாற்றினால் அது ஆந்திர வட்டத்துக்குப் போகும். விதி நமக்கு எப்படியோ அப்படியே அவர்களுக்கும்.

செய்யவேண்டியது ஒரு எஸ்எம்எஸ்ஸில் தொடங்குகிறது. மாற்ற வேண்டிய நம்பரிலிருந்தே 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். ஆங்கில எழுத்தில் போர்ட் (PORT) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க மொபைல் நம்பரைப் போடுங்கள். பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இலக்கக் குறியீடு ஒன்று வரும். இதைத்தான் யுபிசி என்கிறார்கள். நம் தென்மாநிலங்களில் அது நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்கு ஆதாரோடு போய், குறியீட்டைச் சொல்லிப் புது சிம் வாங்க வேண்டும். வட்டம் மாறுகிறவர்கள் எந்த வட்டத்துக்குப் போகிறார்களோ அந்தப் பக்கத்துக் கடையில் கொடுக்க வேண்டும். கேரள வட்டத்துக்கு வரவேண்டிய நம்பருக்குப் பொள்ளாச்சிக் கடையில் நின்று பயனில்லை. ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் இங்கே தங்கியிருக்கிற முகவரியையும் கேட்கலாம். சொல்லத் தயாராகப் போங்கள்.

குறைந்த விலை ரீசார்ஜ் போட்டவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸே போகவில்லை என்ற புகார் முன்பு நிறைய இருந்தது. 2021 டிசம்பரில் டிராய் அதற்கு ஓர் உத்தரவு போட்டது. எந்த பிளான், எவ்வளவு விலை என்று பார்க்காமல் ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு எல்லாருக்கும் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி தர வேண்டும். "பெரிய பேக் போட்டால்தான் போர்ட் மெசேஜ் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

முன்பெல்லாம் குறியீடு கேட்டவுடன் வந்துவிடும், விண்ணப்பம் மட்டும் நாலைந்து நாள் கழித்துத் தள்ளுபடி ஆகும். 2019 டிசம்பர் 16 முதல் இது தலைகீழாக மாறியது. தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் குறியீட்டையே தருகிறார்கள். குறியீடு வந்துவிட்டால் பெரிய தடை தாண்டிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் இந்தக் காரணங்களைத் தேடுங்கள். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்காது. போஸ்ட்பெய்டு என்றால் கெடு தாண்டிய பில் பாக்கி இருக்கும், அல்லது இத்தனை மாதம் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் முடியாமல் இருக்கும். நம்பர் கோர்ட் வழக்கில் சிக்கியிருந்தாலும் வராது. சிம் தொலைந்து மாற்றுச் சிம் வாங்கி ஏழு நாள் ஆகாவிட்டாலும் வராது. இந்த ஏழு நாள் விதி 2024 ஜூலை 1 முதல் வந்தது. உங்கள் பெயரில் எவனோ மாற்றுச் சிம் வாங்கி, அதே சூட்டோடு வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விடாமல் தடுக்கத்தான் அது. ஏழு நாள் காத்திருப்பது எரிச்சலாக இருந்தாலும் அந்தத் தடை இருப்பதுதான் நல்லது.

இவை எல்லாவற்றையும் விட எங்கள் ஊரில் அதிகம் மாட்டிக்கொள்வது பெயர் விஷயத்தில். நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போர்ட் செய்ய முடியும். பத்து வருஷமாகப் பெரியம்மா பேசுகிற நம்பர் மருமகன் பெயரில் இருக்கும். அவரோ திருப்பூரில் வேலையில் இருப்பார். இன்னொரு வீட்டில் இறந்துபோன கணவர் பெயரிலேயே சிம் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் இப்போதைய கம்பெனியிலேயே பெயர் மாற்ற வேண்டும். இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கேட்பார்கள். பெயர் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது குறியீடு வராது என்பதால் அது முடிந்த பிறகே 1900-க்கு அனுப்புங்கள். போர்ட் செய்யும் எண்ணமே இல்லாதவர்களும் இந்தப் பெயர் வேலையை இப்போதே முடித்து வைப்பது நல்லது. பேங்க், ஆதார், ஓய்வூதியம் என்று எல்லா ஓடிபியும் அந்த ஒரு நம்பருக்குத்தான் வருகிறது.

குறியீடு கேட்பதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்றை யாரும் செய்வதில்லை. போக நினைக்கிற கம்பெனியின் சிம் வைத்திருக்கிற உறவுக்காரர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அடுக்களையில், மாட்டுத்தொழுவத்தில், தோப்பின் கடைசி வரப்பில் என்று நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பகலில் நன்றாக எடுக்கிற நெட் ராத்திரி எட்டு மணிக்கு, ஊரே வீடியோ பார்க்கிற நேரத்தில் படுத்துவிடலாம். அதனால் அந்த நேரத்தில் ஒருமுறை பாருங்கள். எந்த இடத்தில் எந்த நெட்வொர்க் இருக்கிறது என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் இப்போது விதி. அதையும் பார்க்கலாம், ஆனால் தோப்புக்குள் நடந்து பார்த்ததற்கு ஈடாகாது. தப்பான கம்பெனிக்குப் போய்விட்டால் 90 நாள் அங்கேயே கிடக்க வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்த பிறகு ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள், வட்டம் விட்டு வட்டம் என்றால் ஐந்து வேலை நாள். கொடுத்த 24 மணி நேரத்துக்குள் மனம் மாறினால் ஆங்கில எழுத்தில் கேன்சல் (CANCEL) என்று தட்டி, இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு 1900-க்கே அனுப்பி நிறுத்திவிடலாம். போர்ட்டுக்காக விதிப்படி வாங்கக்கூடிய கட்டணம் பத்து ரூபாய்க்கும் கீழேதான், பல இடங்களில் அதுவும் வாங்குவதில்லை. முன்னூறு, ஐந்நூறு என்று கேட்டால் அது புது பிளானின் விலையா, கடைக்காரர் கைக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய ப்ரீபெய்டு பேலன்ஸும் மிச்சமிருக்கிற வேலிடிட்டியும் கூட வராது. நேற்று 84 நாள் பேக் போட்டுவிட்டு இன்று போர்ட் செய்ய வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பேக் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குவதுதான் கணக்கு. பழைய சிம் செத்துப் புது சிம் உயிர் பெறும் அந்தச் சில மணி நேரம் போன் வேலை செய்யாது. எப்போது என்று முன்கூட்டியே எஸ்எம்எஸ் வரும். அந்த நேரத்தில் மருத்துவமனை, பயணம் என்று எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பர் அதேதான் என்பதால் ஆதாரிலோ பேங்கிலோ எதையும் மாற்ற வேண்டாம். யுபிஐ செயலிகள் மட்டும் புது சிம்மைக் கண்டுகொண்டு மறுபடி சரிபார்க்கச் சொல்லும். போஸ்ட்பெய்டில் இருந்து வந்தவர்கள் பழைய கம்பெனியின் கடைசி பில்லைக் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் புது இடத்திலும் இணைப்பைத் துண்டிக்கச் செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது.

கடை, மில், மண்டி பெயரில் மொத்தமாக நம்பர் எடுத்திருப்பவர்களுக்கு நிறுவனத்தின் அதிகாரக் கடிதம் வேண்டும். இவர்களுக்கு வட்டத்துக்குள்ளேயே மாறினாலும் ஐந்து வேலை நாள். முதலமடையில் மாங்காய்ப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது எல்லா நம்பரையும் ஒன்றாகப் போர்ட் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். பருவம் முடிந்து செய்யலாம்.

குறியீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. அந்த எட்டு எழுத்து உங்கள் நம்பரின் சாவி. "ஆஃபர் தருகிறோம், மெசேஜில் வந்ததைச் சொல்லுங்கள்" என்று போனில் கேட்பவருக்கு அதைச் சொல்லவே கூடாது. நீங்கள் கேட்காமலே யுபிசி வந்தால் யாரோ உங்கள் போனைத் தொட்டிருக்கிறார்கள். உடனே கஸ்டமர் கேருக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

எல்லாத் தகுதியும் இருந்தும் குறியீடு வரவில்லை, அல்லது நாள் தாண்டியும் போர்ட் ஆகவில்லை என்றால் முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் பதியுங்கள். பேசி முடிக்கும்போது புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். தபாலில் அனுப்பலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். வட்டம் மாறிய நம்பருக்கு எந்த வட்டத்து அதிகாரி என்று குழப்பம் வரும். குறியீடு வராத புகார் என்றால் பழைய கம்பெனிக்கு, குறியீடும் கொடுத்து விண்ணப்பமும் கொடுத்த பிறகு தாமதம் என்றால் புதிய கம்பெனிக்கு எழுதுங்கள்.