வலிப்பு நோய் என்ன வகைப் பொருள்?

வலிப்பு நோய் உள்ள ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். இந்த நிமிடம் அவருக்கு நோய் இருக்கிறதா? இருக்கிறது. வலிப்பு வந்திருக்கிறதா? இல்லை. நமக்கு இதில் குழப்பமே இல்லை, கணினிக்கு உண்டு. ஒரு தரவுத்தளத்தில் 'வலிப்பு' என்று பதிவாகியிருப்பது மூளைத் திசுவில் உள்ள கோளாறு. இன்னொன்றில் அது இரண்டு நிமிடம் நீடித்த ஒரு நிகழ்ச்சி. மூன்றாவதில் வருடக்கணக்காகக் கூடவே இருக்கும் நோய். மூன்றையும் இணைத்து 'மொத்தம் எத்தனை?' என்று கேட்டால், ஆட்களையும் தடவைகளையும் சேர்த்துக் கூட்டி ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் கணினி புரிந்துகொள்ளும் தர்க்க மொழியில் எழுதிவைப்பதற்கு ஆன்டாலஜி என்று பெயர். பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகியவற்றின் மரபணுத் தரவுகளைப் பராமரித்தவர்கள் 1998-இல் சேர்ந்து தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி இதில் பெரிய வெற்றி. அதன்பின் உயிரியலில் ஆன்டாலஜிகள் பெருகின. ஆனால் ஒவ்வொரு குழுவும் உலகத்தைத் தன் வசதிப்படி வகுத்தது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் மேல்நிலை ஆன்டாலஜி, அதாவது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அடிப்படை வகைகளை மட்டும் வகுத்துத் தருவது. தத்துவப் பேராசிரியர் பேரி ஸ்மித்தும் சகாக்களும் உருவாக்கிய பி.எஃப்.ஓ. (Basic Formal Ontology) இவற்றில் அதிகம் புழங்குவது. அதில் நோய் கிடையாது, மரபணு கிடையாது, சில டஜன் வகைகள் மட்டுமே. உச்சியில் ஒரே ஒரு பிரிவினை: நிலைப்பன, நிகழ்வன. மூளை, ஆள், ஒரு பொருளின் நிறம் எல்லாம் நிலைப்பன. எந்தக் கணத்திலும் முழுசாக இருப்பவை. அறுவை சிகிச்சை, காய்ச்சலின் போக்கு போன்றவை நிகழ்வன. தொடக்கம், நடு, முடிவு என்று காலத்தில் விரிபவை. எந்தப் பொருளும் இரண்டிலும் இருக்க முடியாது என்பது விதி.

நிலைப்பனவற்றுக்குள் எனக்கு மிகவும் பிடித்த வகை ஒன்று உண்டு: உள்ளார்ந்த இயல்பு. கண்ணாடிக் குவளை உடையாமலே இருந்தாலும் உடையக்கூடிய தன்மை அதில் இருக்கிறது அல்லவா, அது. பி.எஃப்.ஓ.வின் மேல் கட்டப்பட்ட பொது மருத்துவ ஆன்டாலஜி இதை வைத்து முடிச்சை அவிழ்க்கிறது. மூளையில் உள்ள கோளாறு ஒரு பருப்பொருள். அதனால் உடலுக்கு வந்த இயல்புதான் நோய். அந்த இயல்பு வெளிப்படும்போது நடக்கும் வலிப்பு ஒரு நிகழ்வு. தூங்குகிறவருக்கு முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது இப்போது இல்லை.

சரி, ஒருவர் வலிப்பு வருவதை நோயின் ஒரு வகையாகவும் எழுதி, நிகழ்வு என்றும் எழுதிவிட்டால்? எழுதிவைத்த விதிகளிலிருந்து தர்க்க முடிவுகளை எடுக்கும் ரீசனர் என்ற மென்பொருள் படிப்படியாக மேலே ஏறிப் பார்க்கும். நோய் ஓர் இயல்பு, இயல்பு நிலைப்பனவற்றில் ஒன்று, நிலைப்பன எதுவும் நிகழ்வன ஆகாது. ஆகவே அந்த வகையில் ஒரு உறுப்பினர்கூட இருக்க முடியாது என்று முடிவு கட்டும். ஆன்டாலஜி எழுதப் பயன்படும் புரொட்டேஜே என்ற எடிட்டரில் அந்தப் பெயர் சிவப்பாக மாறும். எழுதியவருக்கு வலிப்பைப் பற்றித் தெரிந்தது எதையும் ரீசனர் அறியாது. உச்சியில் இருக்கும் அந்த ஒரு விதியே போதும்.

உறவுகளிலும் இதே கறார் வேண்டும். 'உட்கரு செல்லின் பகுதி' என்பது சரி. ஒவ்வொரு உட்கருவும் ஏதோ ஒரு செல்லில்தான் இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டு 'ஒவ்வொரு செல்லிலும் உட்கரு உண்டு' என்றால் தவறு. மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. 'பகுதி' என்ற உறவை எப்படிப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் முன்பே ஒப்புக்கொள்ளாவிட்டால், இரண்டு ஆன்டாலஜிகளை இணைத்த மறுநாளே சிவப்பணுவுக்கு உட்கரு முளைத்துவிடும்.

பி.எஃப்.ஓ. 2021-இல் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் தரமானது. ஆனால் அது ஒன்றே வழி என்று அந்தத் தரம் சொல்லவில்லை. மனிதர்கள் பேசும், சிந்திக்கும் விதத்தை ஒட்டி இத்தாலியில் உருவான டோல்சே என்ற மேல்நிலை ஆன்டாலஜியும் அதே தர வரிசையில் சேர்ந்திருக்கிறது. இரண்டும் உலகத்தை ஒரே மாதிரி வெட்டுவதில்லை. ஒன்றைப் பின்பற்றியவரின் தரவை மற்றொன்றைப் பின்பற்றியவரோடு இணைக்க, இன்றும் ஆட்கள் உட்கார்ந்து வகை வகையாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. ரீசனரும் முரண்பாட்டைத்தான் பிடிக்கும், பொய்யைப் பிடிக்காது. யாருக்கோ இல்லாத வலிப்பு நோயைச் சரியான வகையில் பதிவு செய்துவிட்டால், அதை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.